தமிழ் வகுப்பிலா, கணினி வகுப்பிலா: ஏ.ஐ. அறத்தை எங்கே வைப்பது?

பள்ளிப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு மாணவ ஆசிரியையின் பாடக்குறிப்பு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு, தமிழ். பாடத்தைத் தொடங்கும் இடத்தில் நட்பைப் பற்றி ஒரு குறளை எழுதி, பக்கத்தில் எண்ணும் போட்டிருந்தார். வாய்விட்டு வாசித்தபோது எங்கோ இடறியது. மறுபடி வாசித்தேன். இரண்டாம் அடியில் நான்கு சீர் இருந்தது. குறள் வெண்பா முதல் அடியில் நான்கு, ஈற்றடியில் மூன்று, ஆக ஏழு சீர்தான். எண்ணைத் தேடிப் பார்த்தால் அந்த எண்ணில் இருந்தது வேறு குறள், அதிகாரமும் வேறு. 1330-இல் எங்கேயும் இல்லாத ஒரு குறள் அந்த நோட்டில் அழகான கையெழுத்தில் உட்கார்ந்திருந்தது.

"இதை எங்கேயிருந்து எடுத்தீங்கம்மா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சாட்ஜிபிடியில கேட்டேன் மேடம். நம்பரோட குடுத்துச்சு. நம்பர் இருக்கவும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"வகுப்புல நடத்திட்டீங்களா?"

"நேத்தே நடத்திட்டேன். பிள்ளைங்க எல்லாரும் நோட்டுல எழுதிட்டாங்க."

அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியமான சான்று.

வரும் கல்வியாண்டில் எங்கள் பி.எட். கல்லூரியில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். செயற்கை நுண்ணறிவின் அறத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் மாணவ ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது? துறைக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன. ஒருநாள் பயிலரங்கு நடத்தலாம் என்றார் ஒருவர். கணினி அறிவியல் படித்தவர்களிடம் விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். 30 மணி நேரத் தனிப் படிப்பு வேண்டும் என்பது மூன்றாவது. தமிழ், கணிதம், உயிரியல், சமூக அறிவியல் என்று அவரவர் கற்பிக்கப்போகும் பாடத்துக்குள்ளேயே இதைச் சேர்ப்பது நான்காவது. நான் நான்காவதன் பக்கம். ஆனால் அந்த வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதை மூடாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். சி.பி.எஸ்.இ. 2019-இலேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்துவிட்டது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே இது தொடங்கும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆசிரியர்களுக்கு இந்தத் துறையில் என்னென்ன திறன்கள் வேண்டும் என்று யுனெஸ்கோ 2024-இல் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. அதில் 15 திறன்கள், ஐந்து பிரிவுகள். ஐந்தில் ஒன்று முழுக்க அறம் பற்றியது. தமிழ்நாடு அரசும் 2020-இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அரசு இந்தக் கருவிகளைப் பயன்படுத்துமுன் வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, நியாயம் எல்லாம் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஆக, மேலே தாள்கள் தயாராக இருக்கின்றன. வகுப்பறையில் நின்று பேசப் போகிறவரைத்தான் இன்னும் தயார் செய்யவில்லை.

முடிவெடுக்குமுன் மாணவ ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்றேன். இரண்டு மதியப் பொழுதுகள் உட்கார்ந்து பேசினோம். இது தேவையில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் வழிகள் பிரிந்தன.

ஒரு சாரார், "பரீட்சையில கேள்வி வந்தாத்தான் மேடம் படிப்போம்" என்றார்கள். டெட், டி.ஆர்.பி. என்று ஆசிரியர் வேலைக்கான தேர்வுகளுக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். மதிப்பெண் இல்லாத எதற்கும் அவர்களிடம் நேரமில்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னொரு சாரார் பயப்பட்டார்கள். "பிள்ளைங்களுக்கு நம்மளவிட அதிகம் தெரியுது, கேள்வி கேட்டா முழிக்க வேண்டியதுதான்" என்பது அவர்கள் கவலை. உயிரியல் படித்த ஒரு பெண் வேறொன்றைச் சொன்னார். தான் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக வந்து, "மிஸ், என் ஃபோட்டோவ வச்சு யாராச்சும் மார்ஃபிங் பண்ணிட்டா என்ன மிஸ் பண்றது?" என்று கேட்டிருக்கிறாள். இவருக்குப் பதில் தெரியவில்லை. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் பெயரில் ஒரு போலி வீடியோ பரவியதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். நடிகைக்கே அப்படி என்றால் நமக்கு என்ன கதி என்பது அந்தச் சிறுமியின் கேள்விக்குள் இருந்த பயம்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர் கடைசி வரிசையில் இருந்த ஒருவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு படிக்க வந்தவர். "பாடக்குறிப்பு, கேஸ் ஸ்டடி எல்லாத்துக்கும் நாங்களே அதத்தான் கேக்குறோம். அப்புறம் எந்த முகத்தோட மேடம் பிள்ளைங்ககிட்ட இதப் பேசுறது?" என்றார். அறை அமைதியாகிவிட்டது. என்னைக் கேட்டால் நான்கு யோசனைகளையும் உரசிப் பார்க்க வேண்டிய கல் இந்தக் கேள்விதான்.

பயிலரங்கைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. செலவு குறைவு, ஏற்பாடு சுலபம். சென்னையிலிருந்து ஒரு வல்லுநர் வருவார், நல்ல படங்கள் காட்டுவார், மாலையில் சான்றிதழ் கொடுப்போம். ஆர்வத்தைத் தூண்ட அது உதவும். ஆனால் கேட்டதை வகுப்பில் செய்து பார்த்து, தப்பாகப் போய், திரும்பி வந்து பேசுவதற்கு அதில் இடமே இல்லை. ஆசிரியப் பயிற்சி என்பதே அப்படிச் செய்து, தடுமாறி, திருத்திக்கொள்வதுதான். நுண்நிலைக் கற்பித்தலில் ஐந்து நிமிடப் பாடத்தைக்கூட ஒருமுறை நடத்தி, குறை கேட்டு, மறுபடி நடத்தச் சொல்கிறோம். இதற்கு மட்டும் ஒரு நாள் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கணினி ஆசிரியரிடம் விடலாம் என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. தரவு என்றால் என்ன, அதை வைத்து இயந்திரம் எப்படிப் பயிற்றுவிக்கப்படுகிறது, ஏன் அது தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்கிறது என்பதையெல்லாம் அவரால் சரியாக விளக்க முடியும். எதற்கெடுத்தாலும் ரோபோ உலகத்தை ஆளும் என்று பயமுறுத்துகிற பேச்சை அவர் ஒரே வரியில் அடக்கிவிடுவார். தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்த வழிதான் நடக்கப்போகிறது என்றும் தோன்றுகிறது.

ஆனால் எங்கள் மாணவ ஆசிரியர்களில் பலர் போகப்போவது அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும். அங்கே கணினிப் பயிற்றுநர் இருந்தால் மேல்நிலைப் பள்ளியில் இருப்பார், 11, 12-க்கு எடுப்பார். கீழ் வகுப்புகளில் கணினி என்பது அறிவியல் புத்தகத்தின் ஓர் ஓரம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசி அலகு காட்சித் தொடர்பு, அதில்தான் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருள் வருகிறது. கடைசி அலகுக்கு என்ன நேரும் என்பது ஆசிரியராக இருந்த எவருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு நெருங்கும்போது, "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லப்படும் பகுதி அதுதான். கணினி ஆசிரியரிடம் விடுவது என்றால் 6 முதல் 10 வரை உள்ள பிள்ளைகளை யாரிடமும் விடாமல் இருப்பது என்றே பெரும்பாலும் பொருள். அந்த வயதில்தான் பிள்ளைகள் அம்மாவின் போனில் இதைத் தொடத் தொடங்குகிறார்கள். சாட்ஜிபிடியின் விதியே 13 வயதுக்குக் கீழே கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்கிறது. அந்த விதியை வீட்டில் யார் படித்திருப்பார்கள்?

இன்னொரு காரணத்தைக் கணினி அறிவியல் படித்த மாணவ ஆசிரியர் ஒருவரே சொன்னார். "அது எப்படி வேலை செய்யுதுன்னு என்னால சொல்ல முடியும் மேடம். ஆனா அந்தக் குறள் தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நாங்கள் சொல்லாமலேயே விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டார்.

தனிப் படிப்பு என்ற யோசனைக்கு என் மனதில் ரொம்ப நாள் இடம் இருந்தது. இணைவுபெற்ற கல்லூரி என்பதால் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு தாளை நாங்களாகச் சேர்க்க முடியாது. ஆனால் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பாக நடத்தலாம், தடை இல்லை. நேரம் கிடைக்கும், வரிசையாகச் சொல்லலாம், தேர்வு வைத்து மதிப்பெண் தரலாம். பரீட்சைக்கு வந்தால்தான் படிப்போம் என்றவர்களுக்கு இது ஒத்துவரும்.

அப்படி நடத்தினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் பிளேக்லி பெய்ன் என்பவர் 2019-இல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏ.ஐ. அறப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினார். அதில் ஒரு வேலை கணினியே இல்லாதது. சிறந்த ஜாம் சாண்ட்விச் செய்வதற்கு வழிமுறை எழுதச் சொல்கிறார்கள். எழுதியதும், 'சிறந்த' என்றால் யாருக்கு என்ற கேள்வி வருகிறது. இதை நான் தோசையாக மாற்றி எங்கள் வகுப்பில் செய்து பார்த்தேன். மொறுமொறுப்பாக வேண்டும் என்று ஒருவர், பாட்டிக்குப் பல் இல்லை, மெத்தென்று வேண்டும் என்று இன்னொருவர், எண்ணெய் கூடாது என்று ஒருவர், கேஸ் குறைவாகச் செலவாக வேண்டும் என்று ஒருவர். வழிமுறை எழுதியவர் யாரை மனதில் வைத்தாரோ அவருக்குத்தான் அது சிறந்த தோசை. அப்புறம் ஒரு கட்டம் போட்டோம். பக்கவாட்டில் இதனால் பாதிக்கப்படுகிறவர்கள், மேலே அவர்களுக்கு வேண்டியவை. ஒரு மணி நேரத்தில், வழிமுறைக்குள் மனிதரின் விருப்பம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கணினி தொடாதவர்கள்கூடப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, தனி வகுப்பில் நல்ல பாடம் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். என் தயக்கம் வேறு. மாணவ ஆசிரியர் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது தமிழ் பீரியட், கணக்கு பீரியட். 'ஏ.ஐ. அறம்' என்று ஒரு பீரியட் கால அட்டவணையில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே நிலைதான். கல்லூரியில் 30 மணி நேரம் கற்றது, நடத்த இடம் கிடைக்காமல் நோட்டிலேயே தங்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. தனித்தாள் ஆக்கியதும் அது வரையறை, வகைகள், பண்புகள் என்று ஆகிவிடும். 'செயற்கை நுண்ணறிவு அறத்தின் ஐந்து கூறுகளை விளக்குக' என்ற பத்து மதிப்பெண் கேள்வி என் கண்முன் வந்து நிற்கிறது. தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கில் புரிந்துகொள்வது என்ற பெயரில் ஏற்கெனவே பி.எட். பாடத்திட்டத்தில் ஒரு பகுதி உண்டு. அது எப்படி நடத்தப்படுகிறது என்று பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும்.

இனி நான்காவது வழி. அந்தத் தமிழ் மாணவ ஆசிரியை மறுநாள் அதே வகுப்புக்குப் போனார். கரும்பலகையில் பக்கம் பக்கமாக இரண்டு எழுதினார். ஒன்று தான் கொடுத்த போலி, இன்னொன்று அதே எண்ணில் இருக்கும் உண்மைக் குறள். "நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இதுல எது குறள் இல்லைன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்றார். வகுப்பு விரல்விட்டுச் சீர் எண்ணியது. ஏழு, எட்டு. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, எதுகையும் இல்லை என்றான். பிறகு அவர், இதை ஒரு இயந்திரம் கொடுத்தது, எண் போட்டுக் கொடுத்ததால் நம்பிவிட்டேன் என்று நடந்ததைச் சொன்னார். அது ஏன் பொய் சொன்னது என்று ஒரு பெண் கேட்டாள். அது பொய் சொல்லவில்லை, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று பார்த்துக் கோக்கிறது, உண்மையா என்று சரிபார்ப்பது அதன் வேலையில் இல்லை என்று இவர் விளக்கினார். இதை அவருக்கு முந்தின நாள் மாலை சொல்லிக்கொடுத்தது நாங்கள். மற்றதெல்லாம் அவருடையது. வழிகாட்டி ஆசிரியர் என்னிடம் போனில், "யாப்பை இவ்வளவு ஆசையா பிள்ளைங்க பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

அந்த ஒரு பீரியடில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கருவி தவறும் என்று தெரிந்தது. தவறை எதை வைத்துப் பிடிப்பது என்றும் தெரிந்தது. பயன்படுத்தியதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒரு பெரியவர் செய்து காட்டினார். யாப்பும் நடந்தது. எந்த முகத்தோடு பேசுவது என்று கேட்டவருக்கும் அதில் பதில் இருந்தது.

மற்றப் பாடங்களிலும் இதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. கணிதத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன் ஏ.ஐ. நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அது இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. இப்போது பிள்ளைகளுக்குக் கணக்கு: 400 கட்டுரைகள், அதில் 100 மட்டும் இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-இல் 26 பிடிபடும். மீதி 300-இல் 27 பேர் மேல் வீண்பழி விழும். பிடிபட்ட 53 பேரில் பாதிக்கு மேல் குற்றமற்றவர்கள். சதவீதமும் நிகழ்தகவும் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுவிடும். போட்டு முடித்ததும் அது நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் அறம் வந்துவிடுகிறது. அந்தக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தின. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அந்தப் பக்கத்தில்தான் வரும். ஆங்கில ஆசிரியராகப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளையைப் பார்த்து, "இது நீ எழுதினதா?" என்று கேட்கவே கூடாது.

உயிரியலில் தோலுக்கு நிறம் தரும் மெலனினை நடத்தும்போது, ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 2018-இல் செய்த ஆய்வைச் சொல்லலாம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான் தவறின. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. கறுப்பாக இருப்பதற்காக வகுப்பில் கிண்டல் வாங்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் வேறு விதமாகப் போய்ச் சேரும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை. 'அவர் மருத்துவர்', 'அவர் செவிலியர்', 'அவர் சமைக்கிறார்', 'அவர் லாரி ஓட்டுகிறார்' என்று எழுதி மொழிபெயர்ப்பியில் போடச் சொல்லுங்கள். நம் 'அவர்' ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது இயந்திரம் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. எதற்கு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பிள்ளைகளே பட்டியல் போடட்டும்.

சமூக அறிவியலுக்கு இங்கிலாந்தின் 2020 கதை போதும். கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை ஒரு கணிப்பு முறையில் போட்டு, பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும் சேர்த்து ஏ-லெவல் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வின் தரத்தை முடிவு செய்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. ஆசிரியர் தந்த தரத்தைவிடச் சுமார் 39 சதவீதத் தரங்கள் குறைந்திருந்தன. ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ படிக்கும் வகுப்புகளில் ஆசிரியர் தந்ததையே வைத்துக்கொண்டார்கள். அப்படிச் சின்ன வகுப்புகள் அதிகம் காணப்படுவது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அந்த முறையைக் கைவிட்டு ஆசிரியர் தந்த தரத்துக்கே திரும்பினார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை, அவள் பள்ளியில் இதுவரை யாரும் நன்றாகப் படிக்கவில்லை என்பதற்காகத் தண்டனை வாங்குவது நியாயமா? கிராமத்து அரசுப் பள்ளியில் இந்தக் கேள்வியைப் போட்டால் விவாதம் மணி அடித்த பிறகும் முடியாது.

சரி, அந்தப் பெரிய பள்ளம் எது? எல்லாப் பாடத்திலும் வரட்டும் என்று சொல்லிவிட்டால் எந்தப் பாடத்திலும் வராமல் போகும். சுற்றுச்சூழல் கல்வியை அப்படித்தான் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றோம். பாடக்குறிப்பின் கடைசியில், 'மரம் நடுவதன் அவசியத்தை வலியுறுத்துதல்' என்று ஒரு வரியாக அது நின்றுவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏ.ஐ. அறமும், 'ஏ.ஐ.-யைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று கூறுதல்' என்று சுருங்கிவிட்டால் பயிலரங்கே மேல். பாடம் எடுக்கும் எங்களுக்கே இது புதிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. யாப்பு தெரிந்த தமிழாசிரியருக்கு இயந்திரம் ஏன் போலிக் குறள் தருகிறது என்று தெரியாது. அதைத் தெரிந்த கணினி ஆசிரியருக்கு யாப்பு தெரியாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அந்தப் பாடம் உருவாகும்.

பாடங்களுக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. ஆசிரியர் தானே இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது. அன்று கேள்வி கேட்ட அந்தத் தாய் அப்புறம் தனியாக வந்து ஒன்றைச் சொன்னார். பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவனைப் பற்றிக் கேஸ் ஸ்டடி எழுத வேண்டியிருந்தது. பையன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. அப்பா குடிக்கிறார், அம்மா பிரிந்து போய்விட்டார், இவன் தம்பியைப் பார்த்துக்கொள்கிறான். பையன் அழுதுகொண்டே சொன்ன அத்தனையையும், அவன் பெயர், வகுப்பு, பள்ளியோடு சேர்த்து, மொழிநடையைத் திருத்தித் தரச் சொல்லி சாட்பாட்டில் ஒட்டியிருக்கிறார். "நடை நல்லா வந்துச்சு மேடம். ராத்திரி படுக்கும்போதுதான் தோணுச்சு, அவன் என்னை நம்பில்ல சொன்னான்னு."

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் அந்த மாணவ ஆசிரியையைத் தூங்கவிடாமல் செய்தது சட்டம் இல்லை, அந்தப் பையன் தன்னை நம்பினான் என்ற நினைப்பு. அவர் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் அதைச் செய்யவில்லை. செய்யக்கூடாது என்று நாங்கள் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கேஸ் ஸ்டடி எழுதச் சொன்னவர்கள் நாங்கள். அதனால் அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. எந்தப் பாடத்தில் சேர்த்தாலும் இது தமிழுக்கோ கணிதத்துக்கோ உள்ளே வராது. எல்லாருக்கும் பொதுவாக, பள்ளிக்குப் போகுமுன் சொல்லியாக வேண்டியது. அந்த மார்ஃபிங் கேள்வியும் அப்படித்தான். வந்து கேட்கும் பெண்ணிடம் பதறாமல், உன் மேல் தப்பில்லை என்று முதலில் சொல்லவும், ஆதாரத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளவும், 1098 சிறார் உதவி எண்ணையும் 1930 இணையக் குற்ற எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளவும் எந்தப் பாட ஆசிரியரானாலும் பழகியிருக்க வேண்டும்.

அதனால் கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான். 30 மணி நேரத் தனிப் படிப்பு வேண்டாம். பள்ளிப் பயிற்சிக்குப் போகுமுன் பொதுவாகப் பத்து மணி நேரம் மட்டும் எடுப்போம். தோசைப் பயிற்சி, இயந்திரம் எப்படிக் கோக்கிறது என்ற விளக்கம், பிள்ளைகளின் தரவு, மார்ஃபிங் போன்ற நேரங்களில் என்ன செய்வது. இதைக் கணினித் துறையில் உள்ளவரும் உளவியல் எடுப்பவரும் சேர்ந்து நடத்தட்டும். மீதி எல்லாம் அந்தந்தப் பாடக் கற்பித்தலுக்குள் போகட்டும். காகிதத்தில் மட்டும் நின்றுவிடாமல் இருக்க, 16 வாரத்தில் எழுதும் பாடக்குறிப்புகளில் இரண்டு இப்படிப்பட்டவையாக இருக்க வேண்டும், அவற்றை நடத்தியும் இருக்க வேண்டும், அகமதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் உண்டு என்று விதியாக்குவோம். மதிப்பெண் இருந்தால்தான் செய்வோம் என்று சொன்னவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அதை ஏற்றுக்கொள்வதுதான் சரி.

கூடவே எல்லாப் பாடக்குறிப்பின் கடைசியிலும் இரண்டு வரி. கருவியிடம் எதற்கு உதவி வாங்கினேன், அதில் எதை எப்படிச் சரிபார்த்தேன். வாங்கவில்லை என்றால் வாங்கவில்லை என்று எழுதலாம். வாங்கியதற்கு மதிப்பெண் குறையாது. அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். குறையும் என்று தெரிந்தால் எல்லாரும் மறைப்பார்கள், பிறகு நாங்களும் அந்த 9 சதவீதக் கருவி போன்ற ஒன்றைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இதில் எங்களுக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கைந்து மாதிரிப் பாடக்குறிப்புகளைக் கோடை விடுமுறையிலேயே தயாரிக்க வேண்டும். வரலாறு எடுப்பவரும் கணினி எடுப்பவரும் சேர்ந்து உட்கார வேண்டும். முதல் ஆண்டு சில பாடங்கள் சொதப்பும். கணிதமும் தமிழும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன், வணிகவியலுக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு எங்களிடம் இல்லை.

பள்ளிகளில் உள்ள வழிகாட்டி ஆசிரியர்களிடமும் பேச வேண்டும். பாடத்தை முடிக்காமல் வேறு எதையோ நடத்துகிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. ஜூனில் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறோம். விளக்கம் நீளமாக வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த ஒன்பதாம் வகுப்புப் பாடக்குறிப்பின் இரண்டு பக்கங்களை, போலிக் குறளும் மறுநாள் நடத்திய பாடமும் உள்ள பக்கங்களை, நகலெடுத்து இணைக்கலாம் என்றிருக்கிறோம். அவரிடம் சம்மதம் கேட்டேன். பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம் என்றார். எடுத்துவிட்டோம்.